பத்து வருஷம் உழைக்கும் அரிவாள்

மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் எனக்கு வேலை, சாமான் வாங்குவது. சுத்தியல், ரம்பம், ஸ்பேனர், கையுறை என்று மற்றவர்கள் வெயிலில் பிடித்து வேலை செய்கிற சாமான்களை நான் ஏசி அறையில் உட்கார்ந்து வாங்கினேன். மலிவான சாமானைக் கண்டால் எனக்கு உடம்பு அரிக்கும். ஒரு ஸ்பேனரைக் கையில் எடுத்து எடை பார்த்து, மேசைமேல் ஒரு தட்டுத் தட்டி, சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இது ஆறு மாசம் தாங்காது" என்று திருப்பிக் கொடுப்பேன். விற்க வந்தவர் முகம் சுண்டிப்போகும். அந்த முகத்தைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது, இல்லை என்றால் பொய். அத்தனை சுத்தியல் வாங்கியவன் ஒரு ஆணி அடித்ததில்லை என்பது வேறு விஷயம்.

ஊருக்குத் திரும்பி வந்தபோது வாங்குவதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. நான் வெளிநாட்டில் இருந்த காலத்தில் வீடு கட்டிய சிமெண்டிலிருந்து கொல்லைப்புறத்து மோட்டார் வரை எல்லாவற்றையும் என் மனைவியே வாங்கி முடித்திருந்தாள். அவளோடு தஞ்சாவூர்க் கடைத்தெருவுக்கு அரிவாள்மனை வாங்கப் போனேன். ஒவ்வொன்றாக எடுத்து எடை பார்த்தேன், தட்டினேன், காதில் வைத்துக் கேட்டேன். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, காய் நறுக்கவா, கச்சேரிக்கா?" என்றார். என் மனைவி பக்கத்தில் கிடந்த ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிட்டாள். அது இன்றைக்கும் நன்றாகத்தான் வெட்டுகிறது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

அம்மாபேட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. வெண்ணாற்றுப் பாசனம், தாழ்ந்த வயல். நான் மஸ்கட்டில் இருந்தவரை பக்கத்து வயல்காரர் அதைக் குத்தகைக்கு எடுத்து, ஒழுங்காகச் சாகுபடி செய்து, ஒழுங்காக நெல் அளந்துகொண்டிருந்தார். நான் வந்தேன், நிலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். எல்லோரும் போடுகிற குட்டை ரகம் எனக்கு மட்டமாகத் தெரிந்தது. தரமான அரிசி வேண்டும் என்று மாப்பிள்ளைச் சம்பா போட்டேன். அது ஆள் உயரத்துக்கு வளரும், பார்க்க அழகாக இருக்கும், காற்று அடித்தால் படுத்துக்கொள்ளும். முதல் வருஷம் அழகாக வளர்ந்தது, அழகாகப் படுத்தது. வீட்டுக்கு வந்த நெல்லைவிட வயலில் உதிர்ந்ததுதான் அதிகம். அந்த வருஷம் எங்கள் ஊர்க் குருவிகளும் எலிகளும் தரமான சாப்பாடு சாப்பிட்டன.

இரண்டாவது வருஷம் நாற்று விடும்போதே என் மனைவி சொல்லிவிட்டாள்.

"இதுதான் கடைசி. இந்த வருஷமும் வீணாப் போச்சுன்னா நிலத்த மறுபடி அவருகிட்டயே குத்தகைக்கு விட்டுடணும். அதுக்கப்புறம் ஒரு பேச்சு பேசக் கூடாது."

சரி என்றேன். வேறென்ன சொல்வது? ஆனால் உள்ளுக்குள் எனக்குப் பயமாக இருந்தது. நிலம் போனால் நஷ்டம் நிற்கும், அது எனக்கும் தெரியும். நிலம் போன பிறகு காலையில் எழுந்து நான் எங்கே போவது என்பதுதான் தெரியவில்லை. ஊரில் என்னைப்போல் திரும்பி வந்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். டீக்கடையில் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படித்து, பிறகு கடைசியிலிருந்து முதலுக்கு வருவார்கள். அந்த வரிசையில் எனக்கும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி காத்திருந்தது.

பொங்கல் முடிந்து, கதிர் பழுத்து, அறுவடைக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது பருவம் தப்பிய மழை பிடித்துக்கொண்டது. விட்டபோது போய்ப் பார்த்தேன். பக்கத்து வயல்காரரின் குட்டை நெல் தலையை ஆட்டிக்கொண்டு நின்றது. என் மாப்பிள்ளை தண்ணீரில் மல்லாந்து படுத்திருந்தார். வடிகாலை வெட்டிவிட்டுத் தண்ணீரை இறக்கினேன். அப்படியும் கணுக்கால் அளவு நின்றது. இன்னும் சில நாள் அப்படியே கிடந்தால் கதிரிலேயே முளை விட்டுவிடும்.

ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து அறுவடை மெஷின் ஓட்டி வந்திருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வரப்பில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சார், இது அறுக்கிற பயிர் இல்ல. சுருட்டுற பாய். மெஷின உள்ள விட்டா மெஷினும் அங்கேயே படுத்துக்கும்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வயலுக்குப் போய்விட்டார்.

ஆள் வைத்துத்தான் அறுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்களைக் குழுவாகச் சேர்த்து வேலைக்குக் கூட்டிவரும் பெண்மணி ஒருவர் இருக்கிறார். மகளைத் தஞ்சாவூரில் நர்ஸிங் படிக்க வைக்கிறார், ஸ்கூட்டியில் வருவார், எல்லாப் பேச்சும் போனில்தான். வயலைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். பார்த்துவிட்டுக் கூலியை ஏற்றிச் சொன்னார். நான் குறைத்துக் கேட்க வாயைத் திறந்தபோது, "சார், படுத்த பயிர நிமித்தி அறுக்கணும், குனிஞ்சவ நிமிர முடியாது" என்றார். ஒப்புக்கொண்டேன்.

"சனிக்கிழமை காலைல வர்றோம். அரிவாள் மட்டும் நீங்க வாங்கி வெச்சிடுங்க. மெஷின் வந்தப்புறம் எங்ககிட்ட யாருகிட்டயும் இல்ல. பஸ் ஸ்டாண்டு முக்குக் கடையில தொங்கும் பாருங்க, அதுல பத்து."

போனை வைத்ததும் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த பர்ச்சேஸ் ஆபீசர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பயிர் தண்ணீரில் கிடக்கிறது, மனைவியின் கெடு தலைமேல் தொங்குகிறது, ஆனாலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஊருக்கு வந்த பிறகு முதல் தடவையாக ஒருத்தர் என்னை ஒரு சாமான் வாங்கச் சொல்லியிருக்கிறார்.

முக்குக் கடைக்குப் போனேன். ஷாம்பு பாக்கெட்டுச் சரத்துக்கும் கொசுவர்த்திக்கும் நடுவில் கதிர் அரிவாள்கள் கொத்தாகத் தொங்கின. தகடு மாதிரி இரும்பு, ரம்பப் பல், பச்சை பிளாஸ்டிக் பிடி. ஒன்றை எடுத்துச் சுவரில் தட்டினேன். பவுடர் டப்பா மூடியைத் தட்டினதுபோல் கேட்டது. திருப்பி மாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

தஞ்சாவூருக்குப் போகும் வழியில் ஒரு பட்டறை இருக்கிறது. டிப்ளமா படித்த இளைஞர் ஒருவர் நடத்துகிறார். பவர் சுத்தியல் வைத்திருக்கிறார், பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துக் கத்தியும் அரிவாளும் செய்கிறார். வீடியோ போடுவார், பெங்களூரிலிருந்தும் ஆர்டர் வரும். தொழில் அமோகம். அவர் ஓர் அரிவாளை எடுத்து, இரும்பைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது என்று என் முன்னால் பலகைமேல் வைத்தார். நான் எடுத்தேன். அடடா, என்ன கனம்! நகத்தால் சுண்டினால் கோயில் மணி மாதிரி நின்று கேட்டது. என் கண் கலங்காத குறை.

"சார், வீட்டுல மாட்டி வைக்கவா?" என்றார்.

"வேலைக்கு. நெல் அறுக்க."

அவர் கொஞ்சம் திகைத்த மாதிரி இருந்தது. "நெல் அறுக்கவா? அதுக்குன்னா கடையிலயே வாங்கிக்கங்க சார். இது உங்களுக்குக் கட்டாது."

வாங்காதே என்று சொல்கிறவரிடம்தான் தரமான சரக்கு இருக்கும் என்பது என் இருபது வருஷத்து அனுபவம். அந்த மனிதர் வாய்விட்டு உண்மையைச் சொன்னார், நான் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். அவருடைய அரிவாளுக்குப் பல் வெட்டாத வழவழப்பான வாய்தான். அதுதான் உசத்தி என்று நானே அவருக்கு விளக்கினேன். பத்து வாங்கினேன். அதில் ஒன்றின் விலைக்கு முக்குக் கடையில் ஒரு கொத்தே வாங்கியிருக்கலாம். ஒவ்வொன்றையும் எண்ணெய் தடவி, சணல் துணியில் சுற்றி, ஓர் அட்டையும் வைத்துக் கொடுத்தார். அட்டையில் அச்சடித்திருந்தது: 'ஈரம் படாமல் வைக்கவும்.' தண்ணீரில் கிடக்கும் பயிரை அறுக்கப் போகிறவன் அதைப் படித்துவிட்டு, பொறுப்பான ஆள்தான் என்று மெச்சிக்கொண்டேன்.

வீட்டில் என் மனைவி ஒரு சணல் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள்.

"என்ன இது, மாப்பிள்ளைக்குச் சீரா?"

"பத்து வருஷம் உழைக்கும்" என்றேன்.

அவள் அதைத் திரும்பச் சுற்றி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். விலையை அவள் கேட்கவில்லை. நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் பெண்கள் வந்துவிட்டார்கள். தலையில் துண்டு, மேலே ஆம்பளைச் சட்டை, இடுப்பில் போன். நான் வரப்பில் சாக்கை விரித்து அரிவாள்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். குழுவைக் கூட்டி வந்தவர் ஒன்றை எடுத்தார். எடுத்த கை கொஞ்சம் கீழே போய் மேலே வந்தது.

"என்ன சார் இது? ஐயனார் கையில இருக்க வேண்டிய அருவால்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் இறங்கி அறுக்கத்தான் செய்தார்கள். ஈரத் தாள் வழவழப்பான வாயில் வழுக்கியது. ஒரே இழுப்பில் வர வேண்டிய பிடி மூன்று இழுப்புக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக நிமிர்ந்து மணிக்கட்டைப் பிடித்துவிட்டுக்கொண்டார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஓர் அரிவாளை எடுத்துக்கொண்டு நானே சேற்றில் இறங்கினேன். நாலு பிடி அறுத்தேன். ஐந்தாவது பிடியில் கை கேட்கவில்லை. அதற்குள் இரண்டு தடவை சறுக்கி உட்கார்ந்திருந்தேன், பயிர்மேல்.

"சார், நீங்க வரப்புல நின்னீங்கன்னா நெல்லு கொஞ்சம் மிஞ்சும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

குழுவைக் கூட்டி வந்தவர் கரைக்கு வந்தார். "சார், இப்படியே போனா நாளைக்கும் முடியாது, நாளன்னைக்கும் முடியாது. நெல்லு முளைச்சிடும். நான் சொன்ன கடையில போய் வாங்கிட்டு வாங்க."

"அது தகடும்மா. ரெண்டு நாள் தாங்காது. இது பத்து வருஷம் உழைக்கும்" என்றேன்.

"பத்து வருஷம் உங்க வயல்லயா இருக்கப் போறோம்? எங்களுக்கு ரெண்டு நாள் வேலை சார். ரெண்டு நாள் வெட்டுனாப் போதும்."

ஒரு சாமான் எத்தனை நாள் உழைக்கும் என்று கணக்குப் போடத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். எத்தனை நாளைக்கு வேண்டும், யார் கை பிடிக்கப் போகிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் இதெல்லாம் அப்போது தோன்றவில்லை. அப்போது கோபம்தான் வந்தது. வண்டியை உதைத்தேன், அது ஸ்டார்ட் ஆகவில்லை, மறுபடி உதைத்தேன்.

முக்குக் கடையில் பாதி ஷட்டரைத் திறந்துவிட்டுக் கடைக்காரர் ஊதுவத்தி காட்டிக்கொண்டிருந்தார். கேட்டதும் அவர் யோசித்தார்.

"சனிக்கிழமைல இரும்பு வாங்க மாட்டாங்களே சார். உங்களுக்குப் பரவாயில்லையா?"

மற்ற நாளாக இருந்தால் இதைக் கேட்டு நான் ஒரு சொற்பொழிவே நிகழ்த்தியிருப்பேன். அன்றைக்கு என் நிலைமையில் சனீஸ்வரனையும் பகைத்துக்கொள்ளத் துணிவில்லை. அவர் என் வேட்டியிலிருந்த சேற்றைப் பார்த்தார். இரக்கம் வந்திருக்க வேண்டும்.

"ஒண்ணு பண்ணுங்க. பிளாஸ்டிக் பிடிய வாங்குனதா நெனச்சுக்கங்க. இரும்பு சும்மா ஒட்டிக்கிட்டு வருது" என்று கொத்தோடு கழற்றிக் கொடுத்தார்.

அந்தத் தகடுகள் அறுத்தன. நான் சாட்சி. ரம்பப் பல் ஈரத் தாளைக் கவ்விப் பிடித்தது, இழுத்தால் சரக்கென்று வந்தது. பெண்கள் பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, வீட்டு வழக்கெல்லாம் தீர்த்துக்கொண்டே வரிசையாக முன்னேறினார்கள். எனக்குள் இருந்த அற்பம் அப்போதும் அடங்கவில்லை. ஏதாவது ஒன்று உடையாதா என்று வரப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் பயிர், என் நிலம், என் மானம் எல்லாம் அந்தப் பச்சைப் பிடிகளில் தொங்குகின்றன, நான் அவை உடைய வேண்டும் என்று காத்திருக்கிறேன். மத்தியானத்துக்கு மேல் ஒன்றின் பிடி கழன்றது.

"பார்த்தீங்களா!" என்று கத்திவிட்டேன்.

அந்தப் பெண் தகட்டைக் கரையில் எறிந்துவிட்டு, சாக்கிலிருந்து வேறொன்றை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டார். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் வயல் முடிந்தது. கட்டுகளை மேட்டுக்குத் தூக்கி, அடித்து, தார் ரோட்டில் இரண்டு நாள் காயப்போட்டோம். அடியில் கிடந்த கொஞ்சம் முளைத்திருந்தது. மிச்சமெல்லாம் நெல்தான். ரோட்டில் பரப்பிய நெல்லைக் காலால் கிண்டிக்கொண்டே நடந்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த நிறைவில் ஒரு பெருந்தன்மையும் வந்து தொலைத்தது. கூலி கொடுக்கும் நேரத்தில், அந்தக் காலத்து முறைப்படி பாதிக் கூலியை நெல்லாகவே தருகிறேன் என்றேன். ஒரு பரிசு கொடுக்கிற முகத்தோடுதான் சொன்னேன்.

"காசாவே குடுத்துடுங்க சார்" என்றார் குழுவைக் கூட்டி வந்தவர்.

"இது என்ன அரிசி தெரியுமா? டவுன்ல என்ன விலை விக்கிறாங்க தெரியுமா?"

"தெரியும் சார். உடம்புக்கு நல்லதுன்னும் தெரியும். ரேஷன்ல அரிசி வருது, மேல வேணும்னா பொன்னி வாங்கிப்போம். இத ஊறப்போட்டு, வேக வெச்சு... வேலைக்குப் போறவ வீட்டுல அவ்வளவு கேஸுக்கு எங்க போறது?"

அவர் குரலில் கேலி இல்லை. விலை ஒத்துவரவில்லை என்று ஒரு கடையில் எப்படிச் சொல்வோமோ அப்படித்தான் சொன்னார். காசு கொடுத்தேன். எண்ணிப் பார்த்து, பிரித்துக் கொடுத்து, ஸ்கூட்டியில் ஏறிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் நெல் மூட்டைகள் கூடத்தில் இருந்தன. அவை நல்ல விலைக்குப் போகும் என்று நான் சொல்ல நினைத்தேன், ஆனால் அறுத்தவர்களே வேண்டாம் என்ற நெல்லை யாரிடம் விற்பது என்று எனக்கே தெரியவில்லை. என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே பேசினாள்.

"மத்தியானம் பக்கத்து வயல்காரரு வந்தாரு. குத்தகையப் பத்திக் கேட்டாரு."

"என்ன சொன்ன?"

"தரலன்னு சொல்லிட்டேன்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் வெங்காயத்தைப் பார்த்தாள்.

"சனிக்கிழமை சாயந்திரம் உடம்பெல்லாம் சேத்தோட வாசல்ல வந்து நின்னு தண்ணி கேட்டீங்கல்ல. வேலைக்குப் போயிட்டு வீட்டுக்கு வந்த ஆளாட்டம் இருந்துச்சு. கல்யாணம் ஆனதுலேருந்து நான் அதப் பாத்ததே இல்ல. பணம்தான் வந்துச்சு."

ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "வெங்காயம் ரொம்பக் காரமா இருக்கு" என்றேன்.

"ஆனா ஒண்ணு" என்றாள் அவள். "வேலைய நீங்க பாருங்க. வாங்குறது எல்லாம் இனிமே நான். விதை, உரம், மண்வெட்டி, சாக்கு, ஒரு சணல் கயிறுகூட நீங்க வாங்கக் கூடாது."

"விதையுமா?"

"விதையும்தான். அடுத்த வருஷம் குட்டை நெல்லு. உங்க மாப்பிள்ளைய நம்ம சாப்பாட்டுக்கு ஒரு ஓரமாப் போட்டுக்கங்க."

இருபது வருஷத்து அனுபவமுள்ள ஓர் ஆபீசரை ஒரு வாக்கியத்தில் வேலையை விட்டு நீக்கி, அதே வாக்கியத்தில் கூலி ஆளாகச் சேர்த்துக்கொண்டுவிட்டாள். மானமுள்ளவன் என்றால் கொஞ்சம் முறைத்திருக்க வேண்டும். நான் அவசர அவசரமாகத் தலையை ஆட்டினேன். அவள் மனசு மாறிவிடக் கூடாதே என்று இன்னொரு தடவையும் ஆட்டினேன்.

"வயல்ல ஈரம் காயறதுக்குள்ள உளுந்து தெளிக்கணும். வாங்கியாச்சு. அந்த மூலையில இருக்கு பாருங்க. காலைல சீக்கிரம் எழுந்திரிங்க."

போய்ப் பார்த்தேன். அரிசிப் பையில் கட்டி வைத்திருந்தாள். முடிச்சை அவிழ்த்து ஒரு கை அள்ளி வெளிச்சத்தில் பிடித்தேன். எங்கே வாங்கினாள், என்ன விலை, முளைப்பு எப்படி என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. உளுந்தைத் திரும்பப் பையில் போட்டு, முடிச்சை இறுக்கிவிட்டு, காலைக்கு அலாரம் வைக்கப் போனேன்.